மங்கை டீச்சர் ஏறாத நாளில் நின்ற கார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது.

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் தட்டுப் படகை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை [புதன்கிழமை. – நி.] பிற்பகல் இரண்டரை மணிக்கு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கிழக்கே எழுவான்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். பாதைக்காரரைக் கொஞ்சம் கோபக்காரராக எழுதப்போகிறேன், நான் இனியும் அந்த வழியால் போய் வரவேண்டியவன்.

பாதை கரை தட்டியது. முன்னால் நின்ற பழைய வெள்ளைக் கார் இறங்கினால்தான் பின்னால் நிற்கும் நாங்கள் இறங்கலாம். ஆனால் கார் ‘கர் கர்’ என்று இருமிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பாதைக்காரர் கத்தினார், ஓட்டோக்காரர் ஹோன் அடித்தார். நான் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஊருக்கு உபகாரம் செய்யும் தோரணையில் முன்னால் போனேன்.

“தங்கச்சி, இறங்குங்க. திறப்பத் தாங்க, நான் பாக்கன்.”

அவள் இறங்கினாள். உள்ளே அடுப்படி மாதிரிக் கொதித்தது. நான்கு கதவையும் திறந்துவிட்டேன், கண்ணாடிகளைச் சுற்றி இறக்கினேன், எப்போது கடைசியாக சேர்விஸ் செய்தது, பெற்றோல் இருக்கிறதா, ‘சோக்’கை இழுத்தீர்களா (அந்தக் காருக்கு சோக்கே கிடையாது) என்று ஒரு விசாரணை வைத்தேன். பிறகு ஆசனத்தைப் பின்னால் தள்ளி, இருந்து, சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.

சுற்றி நின்ற சனம் சிரித்தது. நான் சொன்னேன்: “கார்ல ஒண்டுமில்ல தங்கச்சி. உங்கட கையிலதான்.”

சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. பெரிய பகிடி விட்டதாக எனக்கு நினைப்பு. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத நாலு தரம் முயன்றேன்.

அவள் என்னைத் தீயாய்—

அவளுடைய கண்களில் ஒரு—

விட்டுவிட்டேன். எழுத முடிகிற பார்வையாக இருந்திருந்தால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.

2

இனி அந்தச் சதுர அடைப்புக்குறிகளைப் பற்றி.

அந்தக் காரைத் திருத்திய மெல்றோய்தான் என் மோட்டார் சைக்கிளையும் பார்ப்பவன். நகரத்தில் இருக்கும் பறங்கியர் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கிறான், முன்னறையில் மனைவி பியோனா மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். ஆவணியில் ஒருநாள் பிளக் மாற்றப் போயிருந்தபோது அவன் இந்தக் கார்க் கதையைச் சொன்னான். நான் வெட்கத்தில் குறுகிப்போய், அன்று திறப்பு வாங்கியவன் நான்தான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப நீங்கதானா அது” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்பானரைக் கழுவப் போய்விட்டான்.

அதனால்தான் எழுதினேன். எழுதியதை மெல்றோய் மூலம் அந்தக் காரின் சொந்தக்காரிக்கு அனுப்பினேன். பெயர் நிஸ்மியா. காத்தான்குடிக்காரி, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் ஆசிரியை. கைப்பிரதி இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, மாணவர் பயிற்சிக் கொப்பி போல உடம்பெல்லாம் சிவப்பு மை. அந்தத் திருத்தங்களை அப்படியே விட்டிருக்கிறேன். [‘அவள்’ என்று எழுத யார் அனுமதி தந்தது? – நி.]

கதைக்குள் எல்லோரும் அவன், அவள்தான் என்று பதில் எழுதினேன். அதற்கும் திருத்தம் வந்தது. [என் கணவரை ‘அவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கம் 3, 4, 6. – நி.]

திரும்பிப் பார்த்தேன். உண்மை. பாதைக்காரரையும் ‘அவர்’ என்றுதான் எழுதியிருந்தேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. பாதைக்காரர் வயதில் மூத்தவர், அவரை விட்டுவிட்டு, அவள் கணவன் நௌஷாட்டை இனி ‘அவன்’ ஆக்குகிறேன்.

3

நிஸ்மியா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் பஸ்ஸிலும் பாதையிலும் போனவள். காலையில் ஐந்தே காலுக்குப் புறப்பட்டால் பின்னேரம் ஐந்துக்கு வீடு. அங்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, பௌதிகவியலுக்கு வேறு ஆள் இல்லை. சம்பளத்தில் சேர்த்து இந்தப் பழைய காரை வாங்கினாள். பாலத்தால் சுற்றிப் போகலாமே என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். முக்கால் மணித்தியாலம் கூடப் பிடிக்கும், மாரியில் அந்தத் தெருவில் வெள்ளம் நிற்கும்.

பதினொரு மாதம் கார் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. சித்திரையில் தொடங்கியது சனியன். காலையில் போகும்போது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் மருத மர நிழலில் நிற்கும், பள்ளி விட்டதும் ஒரு சொல்லில் எடுக்கும். துறைவரைக்கும் வரும். பாதையில் ஏறியதும் என்ஜினை நிறுத்தவேண்டும், அது சட்டம். வாகனங்கள் நிரம்பி, கடந்து, மறுகரை தட்ட இருபத்தைந்து நிமிடம். அங்கே சாவியைத் திருப்பினால் கர், கர், கர். அவ்வளவுதான். யாராவது தள்ளி, கரையில் ஒதுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் கதவைத் திறந்துவைத்து ஆளாளுக்குப் புத்தி சொல்லி முடிக்கும்போது, புத்தி சொன்ன கடைசி ஆள் திருப்புவான். எடுக்கும். அவன் வெற்றிவீரன். அவள் கார் ஓடத் தெரியாதவள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு மீன் வியாபாரி அவள் காதுபடவே சொன்னான். நான் சொன்னதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

ஆனியில் நௌஷாட் கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வந்தான். கெட்டவன் இல்லை. (முதல் வரைவில் கொஞ்சம் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், கதை வேகமாக ஓடியது. [பொய். – நி.] ஆகவே திருத்தினேன்.) பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை ஓட்டிப் பார்த்தான். ஒன்பது நாள் ஓட்டினான். ஒன்பது நாளும் பட்டுப்போல் எடுத்தது.

“என்னா புள்ள, கார்ல ஒண்டும் இல்லியே.”

“பாதையிலதான் நிக்கிது எண்டு எத்தின தரம் செல்ற?”

“பாதைக்கும் காருக்கும் என்னா கோவம்? ஒனக்குத்தான் வெளங்கல்ல போல. பயத்துல கண்டபடி மிதிக்காய்.”

“நான் மிதிக்கல்ல.”

“அப்ப எனக்கு முன்னால நிக்கச் செல்லு பாப்பம்.”

நிற்பது அவளுக்கு முன்னால் மட்டும், எடுப்பது ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும். அவளுக்கே தன் கையில் சந்தேகம் வரத்தொடங்கியது. தொழுதுவிட்டு இருக்கும்போது, ‘யா அல்லாஹ், நாளைக்கு அவருக்கு முன்னால இந்தக் கார் நிக்கட்டும்’ என்று துஆ கேட்டாள். சொந்தக் கார் நின்றுபோகவேண்டும் என்று இறைவனிடம் மன்றாடியவர்கள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பத்தாம் நாள் நௌஷாட் முடிவாகச் சொன்னான். தான் திரும்பிப் போகுமுன் காரை விற்றுவிடுவது, அவள் காத்தான்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றம் கேட்பது. ஏறாவூரில் றிஷாட் என்றொருவன் அந்த லீவின் கடைசி வெள்ளிக்கிழமை காரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். “நீ அந்தத் தண்ணிக் கரையில வெயிலுக்குள்ள தனிய நிக்கிறத நினைச்சிட்டு நான் அங்க எப்பிடி வேல செய்ற?” என்றான். அதில் அன்பும் இருந்தது. அதனால்தான் அவளால் சண்டைபிடிக்கவும் முடியவில்லை.

ஆக, கதையில் பணயம் இதுதான். கார் போனால் பள்ளிக்கூடமும் போகும், பதினெட்டுப் பிள்ளைகளின் பௌதிகவியலும் போகும். அதற்கும் மேலே, அவள் சொன்னது உண்மை என்பதும் போய்விடும்.

4

மெல்றோய் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பீர்கள். அவன் பிளக்கை மாற்றினான், பற்றரி முனைகளைச் சுரண்டினான், பெற்றோல் வடிகட்டியை மாற்றினான். ஒவ்வொரு முறையும் கராஜில் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒழுங்காக நின்றது.

“டீச்சர், எனக்கு முன்னால பழுதாகினாத்தானே நான் திருத்தலாம். நல்லா இருக்கிற கார எப்பிடித் திருத்துற?”

“அப்ப எனக்குத்தான் பழுதா மெல்றோய்?”

“சீச்சீ. உப்புக் காத்துதான் டீச்சர். வாவிய நாளுக்கு ரெண்டு தரம் கடக்கிறீங்க. வயரெல்லாம் அரிச்சிருக்கும். பாதையில ஏறினதும் கண்ணாடி நாலையும் ஏத்திப்போடுங்க. ஒரு ஓட்டை விடப்படாது.”

அவள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இந்தக் கரையில் கார் வைத்திருக்கும் எவரும் அதைத்தான் செய்வார்கள். கதவின் அடி உக்கி உதிர்ந்த வாகனங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பாதையில் ஏறினால் கண்ணாடியை ஏற்று, பூட்டு, இறங்கி விளிம்புக் கம்பியோரம் நில். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்கும் உப்பு பிடித்திருந்தது. காரணமாக வருவதற்கு உப்பைப்போல் இலக்கியத் தகுதி உள்ள பொருள் வேறு ஏது? இரண்டு பக்கம் எழுதினேன். அதில் மிச்சம் இவ்வளவுதான்:

வாவியின் உப்பு இரும்பை மெல்ல மெல்லத் தின்பதுபோல, கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான நம்பிக்கையையும்—

[என் குடும்பத்துக்கும் உப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காருக்கும் இல்லை. வெட்டவும். – நி.]

வெட்டினேன். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

5

மங்கையற்கரசி டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பவர், களுவாஞ்சிகுடிக்காரர். மற்ற நாட்களில் கணவரின் மோட்டார் சைக்கிளில் பாலத்தால் சுற்றிப் போய்விடுவார். செவ்வாயும் வியாழனும் கணவருக்கு வேறு வேலை என்பதால், மங்கை டீச்சர் நிஸ்மியாவின் காரில் வருவார்.

தண்ணீர் என்றால் மங்கை டீச்சருக்கு உயிர் போகும். பாதையில் எல்லோரும் இறங்கிக் காற்று வாங்க, அவர் மட்டும் காருக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கி, “முருகா, முருகா” என்று மறுகரை வரை சொல்லிக்கொண்டிருப்பார். உப்புக் காற்று உள்ளே வருகிறதே என்று நிஸ்மியா முகத்தைச் சுளித்தாலும் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?

செவ்வாயும் வியாழனும் கார் நிற்பதே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பாதைக்காரர். “அந்த டீச்சர் ஏறினாக் கார் நிக்குதில்ல கவனிச்சியளா?” என்றார். ஒரு கிழமைக்குள் இரண்டு கரையிலும் செய்தி பரவிவிட்டது. மங்கை டீச்சரின் கால் பட்டால் கார் எடுக்கும். பழுகாமத்துப் பக்கம் யாரோ புது உழவு இயந்திரத்தை முதலில் அவரைக் கொண்டு தொடுவித்தார்கள். மங்கை டீச்சரும் முதலில் கூச்சப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார், பிறகு நம்பத் தொடங்கினார்.

“என்ட ராசி அப்பிடி டீச்சர். எங்கட அப்பாட வண்டில் மாடும் நான் ஏறினாத்தான் நடக்கும்.”

பௌதிகவியல் படித்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று ஒதுக்கப் பார்த்தாள். ஆனால் பனம்பழம் வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. நௌஷாட்டிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப அவவயே டிரைவராப் போடு.”

(இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். மங்கை டீச்சரை மூடநம்பிக்கைக்காரியாக்கி அரைப் பக்கம் பகிடி பண்ணினேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் காரை உண்மையில் ஓடவைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். நானும் மெல்றோயும் உப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.)

6

திருப்பம் ஒரு வியாழக்கிழமை வந்தது. ராசிக்காரி என்று பெயரெடுத்தபின் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது மங்கை டீச்சருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டிருக்கவேண்டும். அன்று துணிந்து இறங்கினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சனம் பார்க்க, பாதையின் நடுவில் நின்றார். கரை தட்டியது. நிஸ்மியா சாவியைத் திருப்பினாள்.

கர், கர், கர்.

பாதையில் நின்ற சனம் முழுக்க மங்கை டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. மங்கை டீச்சரின் முகம் செத்துவிட்டது. பாதைக்காரர் மட்டும் வாயைத் திறந்தார்: “தங்கச்சி, இன்னொருக்கா நிண்டா இந்தக் காரை ஏத்தமாட்டன். சொல்லிப்போட்டன்.”

தள்ளி ஒதுக்கியபின், அவமானத்தில் கண்கலங்கி நின்ற மங்கை டீச்சரை நிஸ்மியா ஆறுதல்படுத்தப் போனாள். போனவள் பாதி வழியில் நின்றாள்.

“டீச்சர், இறங்கக்குள்ள கண்ணாடிய ஏத்தினீங்களா?”

“ஓம். உப்புக் காத்தெல்லா. நீங்க எப்பவும் ஏத்துறநீங்கதானே.”

அன்றிரவு அவள் ஒரு கொப்பி போட்டாள். அதில் இருந்ததை அவள் அனுமதியோடு தருகிறேன்:

வெள்ளி. மங்கை டீச்சர் இல்லை. கண்ணாடி கீழே. எடுத்தது.
திங்கள். மங்கை டீச்சர் இல்லை. கண்ணாடி கீழே. எடுத்தது.
செவ்வாய். மங்கை டீச்சர் உண்டு. கண்ணாடி கீழே. எடுத்தது. (டீச்சருக்கு சந்தோஷம். கண்ணாடி விஷயத்தை நான் சொல்லவில்லை.)
புதன். மங்கை டீச்சர் இல்லை. கண்ணாடி மேலே, வேண்டுமென்றே. நின்றது. சாவியைத் திருப்பும்போது வழமையாகக் கேட்கும் ‘டிக்’ இல்லை. பின்னால் பெற்றோல் பம்பின் முனகலும் இல்லை.

புதன்கிழமை பாதைக்காரரிடம் அவள் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது, இதுதான் கடைசி மன்னிப்பு என்று விட்டார். ஆனால் நின்ற காருக்குள் இருந்து அவள் முதன்முறையாகச் சிரித்தாள். வெயிலில் கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகும். வெந்தால் ஏதோ ஒன்று அறுகிறது. கதவைத் திறந்து புத்தி சொல்லி நேரம் போக்கினால் ஆறுகிறது. ஆறியதும், வந்த ஆண்பிள்ளை எவனோ சாவியைத் திருப்புகிறான்.

உப்பிலிருந்து காரைக் காப்பாற்ற எல்லோரும் சொல்லித்தந்த அந்தக் கண்ணாடிதான் காரை நிறுத்தியிருந்தது.

7

“சூடா?” மெல்றோய் நெற்றியில் அறைந்துகொண்டான். “டீச்சர், இத முதல்லயே சொல்லியிருந்தா!”

“நீங்கதானே மெல்றோய் கண்ணாடிய ஏத்தச் சென்ன?”

அவன் நேரே முன்னறைக்கு ஓடினான். அங்கே பியோனா ஒரு மணப்பெண்ணுக்குத் தலைமுடி காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த ஹெயார் டிரையரைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

“மெல்றோய்! அந்தப் பிள்ளைட தலை பாதி ஈரம்!”

“அஞ்சு நிமிஷம் பியோனா!”

முதலில் என்ஜின் பக்கம் சுட்டான். ஒன்றுமில்லை, கார் எடுத்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, டாஷ்போர்டின் அடியில் மறைந்திருந்த தீப்பெட்டியளவு பெட்டி ஒன்றைச் சுட்டான். அதன் பெயர் இக்னிஷன் றிலே. சாவி சின்னதாய் ஒரு மின்சாரத்தை அனுப்பும், அதை வாங்கி பெற்றோல் பம்புக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுவது இதன் வேலை. இது திறக்காவிட்டால் பெற்றோல் வராது, என்ஜின் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் சுட்டான். முன்னறையிலிருந்து மணப்பெண் தலையில் சுற்றிய துவாயோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப திருப்புங்க.”

டிக் இல்லை. முனகல் இல்லை. கர், கர், கர்.

“செத்துப்போச்சு!” என்று மெல்றோய் படுத்த படுக்கையில் கத்தினான். “டீச்சர், செத்துப்போச்சு!”

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. நிஸ்மியா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே. இரண்டு சாட்சி, மணப்பெண்ணையும் சேர்த்தால்.

மெல்றோய் பெட்டியைக் கழற்றித் திறந்து, உள்ளே இருந்த தகட்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தான். ஈயம் பற்றவைத்த ஒரு காலைச் சுற்றி, மயிரிழை வளையமாக ஒரு வெடிப்பு. சூடேறினால் விலகும், ஆறினால் ஒட்டும். மூன்று மாதம் ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கியது அந்த வெடிப்புத்தான்.

வீடியோ எடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்பது காதில் விழுகிறது. எடுத்தார்கள். மணப்பெண்தான் எடுத்தாள். விசா அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்த நௌஷாட்டுக்கு அனுப்பினார்கள். அவன் குரல் பதிவில் பதில் அனுப்பினான்: “ஹெயார் டிரையரால சுட்டா என்ட மண்டையும்தான் நிக்கும். நாளைக்கு வந்திருவன். நாளையிண்டைக்கு நானும் ஒன்னோட பாதையில வாறன். என்ட கண்ணுக்கு முன்னால நிண்டா நம்புறன்.”

8

மெல்றோய் புது றிலே ஒன்றை எடுத்து வந்து பொருத்தப் போனான்.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் நிஸ்மியா.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதையின் மேல் கோபம் வந்தது. பழுதைக் கண்டுபிடித்தாயிற்று, திருத்தினால் கதை முடிய வேண்டும். உலகத்தில் எல்லாப் பழுதுக்கும் அதுதான் ஒழுங்கு. ஆனால் புது றிலேயைப் போட்டால் கார் இனி நிற்காது. நிற்காவிட்டால் அது எப்போதாவது நின்றதற்கு அத்தாட்சி ஏது? பழையதைப் போட்டால் நௌஷாட்டின் கண்ணுக்கு முன்னால் நிற்கும், பாதைக்காரர் இனி ஏற்றமாட்டார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதைத்தான். அவள் இரண்டையும் வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். எதை எப்படிப் பொருத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான்கு முனைச் சொருகல்தான், குழந்தைப்பிள்ளையும் செய்யும்.

இனி என் முடிவுகள்.

முடிவு அ. அவள் புது றிலேயைப் போடுகிறாள். நௌஷாட் கார் ஓட்டி வருகிறான். பாதையில் கண்ணாடிகளை ஏற்றுகிறார்கள், கார் வேகிறது, கரை தட்டுகிறது. நௌஷாட் சாவியைத் திருப்புகிறான். முதல் திருப்பிலேயே எடுக்கிறது. “பாத்தியா? கார்ல ஒண்டும் இல்ல” என்கிறான். ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதற்கு? வெள்ளிக்கிழமை றிஷாட் வருகிறான்.

முடிவு ஆ. அவள் பழைய றிலேயையே பொருத்துகிறாள். கரை தட்டுகிறது. நௌஷாட் திருப்புகிறான். கர், கர், கர். வியர்க்கிறான், மிதிக்கிறான், மீண்டும் திருப்புகிறான். பின்னால் ஹோன் கிழிகிறது, பாதைக்காரர் கத்துகிறார், நௌஷாட்டின் சேட்டு முதுகில் ஒட்டிப்போகிறது. அவன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்க்கிறான். “நீ செல்லக்குள்ள நான் நம்பல்ல புள்ள” என்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே எழுதலாம், எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அடுத்த நிமிடம் அவன் சொல்கிறான்: “இந்தச் சனியனோட ஒன்னத் தனிய விட்டுட்டு நான் எப்பிடிப் போற?” வெள்ளிக்கிழமை றிஷாட் வருகிறான்.

முடிவு இ. கார் பின்னால் உருண்டு வாவிக்குள்— [வேண்டாம். – நி.]

மூன்று இரவு இருந்து யோசித்தேன். நம்பினாலும் விற்கிறான், நம்பாவிட்டாலும் விற்கிறான். உண்மையை நிரூபித்தாலும் அவளுக்கு நட்டம், மறைத்தாலும் நட்டம். வாழ்க்கை இப்படித்தான் என்று ஒரு பெருமூச்சு வசனம் எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். எழுதியும் விட்டேன். மிக நல்ல வசனம் என்று நினைத்தேன்.

9

அந்த வசனத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே, பக்கத்தின் அடிவரை அவளுடைய சின்ன எழுத்து:

[இரண்டு முடிவிலும் ஏன் அவரை ஸ்டியரிங்கில் இருத்தியிருக்கிறீர்கள்? அந்தக் காரைப் பதினாலு மாதம் ஓட்டியவள் நான். கொப்பி போட்டவள் நான். றிலே என் கைப்பைக்குள். அதற்குப் பிறகும் நான் திறப்பைக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? பரிசோதனை பிழை. மீண்டும் செய்க. – நி.]

வாசித்துவிட்டு என் முடிவுகளை மறுபடி புரட்டினேன். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. எத்தனை வரைவு, எத்தனை முடிவு. ஒன்றிலாவது தோன்றவில்லை.

மெல்றோயிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி அவளுக்கு அழைத்தேன். பள்ளிக்கூட இடைவேளை போல, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். நான் யாரென்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். “சரி” என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று அந்த ஒரு சொல்லில் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அண்டைக்கு என்ன நடந்தது டீச்சர்?”

“நான்தான் கார் ஓடினன். அவரு இடப்பக்கம் இரிந்தாரு.”

“நௌஷாட் திறப்பைக் கேக்கல்லையா?”

“கேட்டாரு. நான் குடுக்கல்ல.”

“அவர் ஒண்டும் சொல்லல்லையா?”

“பாக்க வந்த ஆள் பாருங்க எண்டு சென்னன். இருந்து பாத்தாரு.”

“எந்த றிலே போட்டிருந்தீங்க?”

“அது ஒங்களுக்கு என்னத்துக்கு?”

“கதைக்கு வேணும் டீச்சர். கார வித்தாச்சா இல்லையா எண்டாவது—”

“எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்க. எழுதுங்களேன்” என்றாள். மணி அடித்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

எந்தப் பள்ளிக்கூடத்து மணி அது என்று கேட்காமல் விட்டேனே என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆகவே வாசகரே, முடிவை உங்கள் தலையில் கட்டுகிறேன். என்னிடம் இனிப் பொறுமை இல்லை. பாதை கரை தட்டிவிட்டது. வெள்ளைக் காருக்குப் பின்னால் ஒரு உழவு இயந்திரம், இரண்டு ஓட்டோ, எட்டோ பத்தோ மோட்டார் சைக்கிள். வெயில் நல்ல வெயில். புது றிலேயா, பழைய றிலேயா? உங்கள் இஷ்டம். கார் எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும். நௌஷாட் நம்பட்டும், நம்பாமல் போகட்டும். வெள்ளிக்கிழமை றிஷாட்டை வரச்சொல்லுங்கள் அல்லது வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. வலப்பக்க ஆசனத்தில் இருப்பது நிஸ்மியா.

பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.